தற்காலிகம் வேண்டாம் என்றாள்

போன வாரம் பதுளை பஜாரில் குடை வாங்கப் போயிருந்தேன். கடைக்கார முஸ்லிம் அண்ணன், எங்கள் பேச்சில் நானா, பல வருடப் பழக்கம். குடையை விரித்துக் காட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"டீச்சர், கெம்பஸுக்கு ஒங்க சொந்தக்காரப் புள்ளய எடுத்துட்டீங்களாமே?"

கதை பஜார் வரைக்கும் வந்துவிட்டால் அதை மூடி வைத்து என்ன பயன்? வேலைக்கு எடுத்த அந்தப் பெண்ணிடமே, எழுதட்டுமா என்று கேட்டேன். "தாராளமா எழுதுங்க டீச்சர்" என்றாள். எழுதுகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு பல்கலைக்கழகத்தின் பேரவையில் என்னையும் வெளி உறுப்பினராகப் போட்டார்கள். அந்த வகையில், புவி விஞ்ஞானத் துறைக்கு விரிவுரையாளர் ஒருவரைத் தெரிவு செய்யும் குழுவில் எனக்கும் ஒரு கதிரை. அந்த மேசையில் தமிழ் நான் மட்டும். பெண்ணும் நான் மட்டும்.

வந்தவர்களில் ஒருத்தி தயாளினி. கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறார். இவளோ ஜப்பானில் மண்சரிவைப் பற்றி ஆராய்ந்து கலாநிதிப் பட்டத்தோடு திரும்பியிருக்கிறாள். அன்றுதான் அவளை முதன்முதலாகப் பார்த்தேன் — நானா கவனிக்க.

மாதிரி விரிவுரைக்குக் கால் மணி நேரம் கொடுத்தார்கள். கொட்டுகிற மழையில் அசையாமல் நின்ற மலை, வெயிலடித்த மறுநாள் ஏன் இறங்குகிறது என்று விளக்கினாள். வாழ்நாள் முழுக்க வரலாறு படிப்பித்த எனக்கே விளங்கிவிட்டது. துறை நிபுணராக வந்திருந்த வயதான சிங்களப் பேராசிரியர் ஒரு சிக்கலான கேள்வியைப் போட்டார். கொஞ்சம் யோசித்தாள். "தெரியாது சேர். அதைத்தான் அடுத்து ஆராய நினைத்திருக்கிறேன்" என்றாள்.

அதன் பிறகு வந்தன... மற்றக் கேள்விகள்.

"பிள்ளை இருக்கிறதா?"

"இருக்கிறாள் சேர். ஒன்றரை வயது."

"வெளிக்கள ஆய்வுக்குப் போனால் யார் பார்ப்பது?"

"அவளுடைய அப்பா."

"மாணவர்களை மலையேற்றிக் கூட்டிப் போகவேண்டி வரும். முடியுமா?"

"நான் மலையிலேயே வளர்ந்தவள் சேர். சமதரையில்தான் கொஞ்சம் தடுமாறுவேன்."

முன்னால் வந்துபோன ஆண்களில் ஒருவருக்கு இரட்டைக் குழந்தைகள். யார் பார்ப்பது என்று அவரிடம் யாராவது கேட்டார்களா? மூச்.

குழுவில் இன்னொருவர் கண்ணாடியைத் துடைத்தபடி ஆரம்பித்தார். "நீங்கள் அந்தப் பகுதியைச் சேர்ந்தவர். மண்சரிவு விடயத்தில் நடுநிலையாக இருக்க முடியுமா?"

"மலைக்கு அடியில் வீடு இருப்பவர் மலையைப் படிக்கக் கூடாதா சேர்? என் அளவுகளை யார் வேண்டுமானாலும் திரும்ப அளந்து பார்க்கலாம்."

கடைசியில் தலைவர் சிரித்த முகத்தோடு சொன்னார். "சரி. இப்போதைக்குத் தற்காலிகமாக எடுத்துக்கொள்வோம். பிறகு பார்க்கலாம்."

ஏற்கெனவே இரண்டு பல்கலைக்கழகங்களில் 'பிறகு பார்க்கலாம்' என்பதை நம்பிக் காத்திருந்தவள் அவள்.

"மன்னிக்க வேண்டும் சேர். தற்காலிகம் வேண்டாம். விளம்பரத்தில் போட்டது நிரந்தரப் பதவி. எனக்குத் தகுதியில்லை என்றால் அதைச் சொல்லுங்கள், போய்விடுகிறேன்."

குரல் உயரவில்லை. கோப்பை மூடி எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அவள் வெளியே போனதும் கண்ணாடிக்காரர் சொன்னார், "கெட்டிக்காரிதான். ஆனால் கொஞ்சம் திமிர்."

அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனியும் முடியுமா?

"நாம் தேடுவது விரிவுரையாளரையா, மருமகளையா?" என்று கேட்டேன்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "மெடம், அவர் உங்களுக்கு உறவா?"

இரண்டு தமிழர் ஒரே அறையில் இருந்தால் உறவு. குழுவிலிருந்த மற்ற நான்கு பேரிடமும் அன்று முழுக்க அந்தக் கேள்வி எழவே இல்லை.

"உறவென்றால் இந்தக் கதிரையில் உட்கார்ந்திருக்க மாட்டேன்" என்றேன். "புள்ளிகளைப் பார்ப்போம். தகுதி அவருக்கு, பதவி இன்னொருவருக்கு என்றால் என் ஆட்சேபத்தை எழுதிக்கொள்ளுங்கள். பேரவையிலும் அதையே சொல்வேன்."

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "என் கேள்விக்கு இன்னும் விடை கண்டுபிடிக்கப்படவில்லை. தெரியாது என்று சொன்னவர் இவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லோரும் விடை சொன்னார்கள்."

புள்ளிகளைக் கூட்டினார்கள். எட்ட முடியாத தூரத்தில் முன்னால் நின்றாள். நிரந்தரமாகவே எடுத்தோம்.

அவ்வளவுதான் நானா, உங்கள் 'சொந்தக்காரப் புள்ள'யின் கதை.

இல்லை, இன்னும் கொஞ்சம் இருக்கிறது. சனிக்கிழமை அவள் மாணவர்களைத் தான் பிறந்த தோட்டத்துக்கே வெளிக்களத்துக்குக் கூட்டிப் போனாள். நானும் ஒட்டிக்கொண்டேன். லயங்களுக்கு மேலே மலையில் ஒரு விரிசல். ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது அதைப் பார்க்கப் போனவளை, "சும்மா சனங்களைப் பயமுறுத்தாதே. உன் அம்மாவுக்கு இங்கே வேலை வேண்டுமில்லையா?" என்று திருப்பி அனுப்பிய அதே தொரைதான் இப்போதும் தோட்ட நிர்வாகி. இந்த முறை பதவியைச் சொல்லி அனுமதி கேட்டாள். கிடைத்தது.

அவள் சொல்லச் சொல்ல, மாணவர்கள் விரிசலின் இரு கரையிலும் முளை அடித்து அளந்தார்கள். இனி மாதா மாதம் வந்து அளப்பார்கள். கீழே கொழுந்து மலையில் நின்ற அவள் அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"ஏன் டீச்சரம்மா, இத்தன பேரும் எங்க புள்ள சொல்றதத்தான் செய்றாங்களா?"

"ஆமாங்க."

"செய்யட்டும்" என்றவர் கூடையை மாட்டிக்கொண்டு தேயிலை நிரைக்குப் போய்விட்டார்.

தொரையின் பங்களாவிலிருந்து ஆள் வந்தது. "தொரை எல்லாரையும் தேத்தண்ணிக்குக் கூப்புடுறாரு. சூடா இருக்காம், ஒடனே வரட்டாம்."

தயாளினி அளவு நாடாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அளந்து முடிச்சிட்டு வர்றோம்னு சொல்லுங்கண்ணே."

ஆறிப்போன தேத்தண்ணி இவ்வளவு ருசியாக இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.