கம்ப்யூட்டருக்கு வேகம் ஏற்றியது

கம்ப்யூட்டர் மனைவியுடையது. தறி என்னுடையது. குமாரபாளையத்தில் ஒரே கூரைக்குக் கீழே இரண்டும் ஓடுகின்றன. நடுவில் ஒரு சுவர்.

அவள் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டித் தருகிறாள். வேலை கொடுப்பது ஈரோட்டில் ஒரு ஸ்டுடியோ. ஒட்டி முடித்ததை ஒரே படமாகச் சேர்க்கக் கம்ப்யூட்டர் ஆறு மணி நேரம் எடுக்கும். அதுவரை அவள் அதைத் தொட முடியாது.

போன சித்திரையில் முகூர்த்தம் நிறைய. வேலை தேங்கியது. ஸ்டுடியோக்காரத் தம்பி தினமும் போன் செய்தான். வேறு ஆளைப் பார்ப்பேன் என்று சொல்லவில்லை. "உங்களால முடியுமுங்களாக்கா?" என்றான். அதற்கு அதுதான் அர்த்தம்.

நான் எட்டாவது வரைதான். ஆனால் வேகம் தெரியும். தறி மெதுவாக ஓடினால் மோட்டாரில் பெரிய புல்லி போடுவோம். கம்ப்யூட்டருக்கும் அப்படி ஒரு வழி இருப்பதாகப் போனில் வீடியோ பார்த்தேன். உள்ளே பிராசஸர் என்று ஒரு சில்லு. அதுதான் மோட்டார். அதன் வேக எண்ணைக் கம்பெனி முப்பத்தாறில் வைத்துக் கொடுத்திருந்தது. நாமே ஏற்றிக்கொள்ளலாம். எல்லாச் சில்லிலும் முடியாது. எங்களுடையதில் முடியும்.

"ஏனுங்க, தறியில பண்ற கூத்தெல்லாம் இதுல வேண்டாமுங்க. எரிஞ்சு போச்சுன்னா?"

"எரியாது. வீடியோவுல சொன்னான்."

"அவன் ஊட்டுக் கம்ப்யூட்டரா எரியப் போவுது?"

விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, ஆறு மணி நேரம் ஓடி முடிந்த படத்தில் மாமன் சீர் விட்டுப் போயிருந்தது. மறுபடி ஆறு மணி நேரம். அன்று சாயங்காலம் அவளே வந்தாள்.

"சரி, ஏத்துங்க."

ஞாயிற்றுக்கிழமை. தறிக்கு லீவு. பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்தேன். முப்பத்தெட்டு வைத்து, வீடியோக்காரன் சொன்ன சோதனையை ஓட்டினேன். ஓடியது. நாற்பது. ஓடியது. நாற்பத்து மூன்றில் திரை அப்படியே நின்றது. ஒன்று இறக்கினேன். நாற்பத்திரண்டில் அரை மணி நேரம் ஓடியது. சூடு எழுபத்தெட்டு டிகிரி. தறி மாதிரி சத்தம் மாறுகிறதா என்று பெட்டியில் காது வைத்துக் கேட்டேன்.

"என்னுங்க, கம்ப்யூட்டருக்கு எத்தனை மாசம்?" என்றாள்.

ஒரு சின்ன நிச்சயதார்த்தப் படம் போட்டுப் பார்த்தாள். முன்பு ஒரு மணி நேரம் எடுத்த அளவு. ஐம்பது நிமிடத்தில் முடிந்தது. அன்று கறிக்குழம்பு.

திங்கள் காலை பெரிய கல்யாணம். பொண்ணும் மாப்பிள்ளையும் அன்று ராத்திரி வெளிநாடு கிளம்புகிறார்கள். படத்தை வாங்கிப்போக மூன்றரைக்குத் தம்பி வருகிறான். நான் மூடியை மாட்டிவிட்டுத் தறிக்குப் போனேன். அவள் ஒன்பது மணிக்குப் படத்தைப் போட்டாள்.

கால் மணி நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம்.

"ஏனுங்க! அணைஞ்சு போச்சுங்க!"

மறுபடி போட்டோம். சூடு நூறைத் தொட்டது. அணைந்தது.

"தறி ஓடுது. கரண்டு கொறையுது" என்றேன். தறியை நிறுத்தினேன். அப்போதும் அணைந்தது.

மணி பத்து. பழையபடி முப்பத்தாறுக்கு இறக்கினால் ஓடும். முடிய நாலாகும். தம்பி நிற்க மாட்டான்.

அவள் அழவில்லை. கத்தவில்லை. "நேத்து ஓடுச்சு. இன்னைக்கு என்ன புதுசு?" என்று பெட்டியைச் சுற்றி வந்தாள். பின்பக்கம் குனிந்தாள்.

"இந்த வேட்டித் துணியை எப்பக் கட்டுனீங்க?"

தறி ஊரில் எல்லாவற்றுக்கும் துணி உண்டு. குடத்துக்கு, டிவிக்கு, தையல் மெஷினுக்கு. இல்லாவிட்டால் பஞ்சு. கம்ப்யூட்டர் வாங்கிய முதல் மாதமே விசிறியில் பஞ்சு சுற்றி நின்றுபோனது. அன்றிலிருந்து துணி கட்டித்தான் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மூடியோடு அதையும் கழற்றினேன். காலையில் மாட்டும்போது கை தானாகக் கட்டிவிட்டது. இரண்டு மடிப்பு. நானே நெய்தது. நெருக்கமான துணி. காற்று போகாது. முப்பத்தாறின் சூட்டுக்குத் தாங்கியது, நாற்பத்திரண்டுக்குத் தாங்கவில்லை.

"அதும் மூக்கைக் கட்டிப்போட்டு ஓடச் சொன்னா எப்படிங்க ஓடும்?"

அவிழ்த்தேன்.

"இப்பப் பஞ்சு ஏறுமே" என்றேன்.

"தறி ஓடுனாத்தானே பஞ்சு?"

என்னைப் பார்த்தாள். தறிக்குப் போகாமல் உட்கார்ந்தேன். நாற்பத்திரண்டிலேயே போட்டாள். சூடு எண்பதைத் தாண்டவில்லை. மூன்றே காலுக்கு முடிந்தது. மாமன் சீர் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தாள். இருந்தது.

தம்பி வந்து டீ குடித்தான்.

"என்னங்கண்ணா, தறிச் சத்தமே காணோம்?"

"அண்ணனுக்கு இன்னைக்கு லீவு விட்டுட்டேனுங்க தம்பி" என்றாள்.

அடுத்த இரண்டு கல்யாண வேலையையும் அங்கேயே கொடுத்துவிட்டுப் போனான்.

இப்போது துணிக்குப் பதில் கொசுவலை கட்டியிருக்கிறேன். சனிக்கிழமை உதறுகிறேன். நாற்பதில் ஓடுகிறது. தறியும் ஓடுகிறது. அவசரமென்றால் அவள் வலையை அவிழ்த்து நாற்பத்திரண்டு வைத்துக்கொண்டு, சுவரை இரண்டு தட்டு தட்டுவாள்.

நான் தறியை நிறுத்துவேன்.