மூன்றாவது மேடு

“எந்திரிங்க மேடம், வண்டி இதுக்கு மேல போகாது” என்று நடத்துனர் கம்பியைத் தட்டினார்.

அவள் முதலில் மடியைத் தொட்டுப் பார்த்தாள். பை இருந்தது. பிறகு சன்னலைப் பார்த்தாள். பல்கலைக்கழகத்தின் மஞ்சள் மதில் இருக்க வேண்டிய இடத்தில் டயர்களை அடுக்கி வைத்த கொட்டகை இருந்தது.

“இது எங்க?”

“டிப்போ. டெய்லி ஆஸ்பத்திரி தாண்டுனதும் டாண்ணு எந்திரிச்சிருவீங்க. இன்னிக்கு அசையவே இல்ல. சரி, ஊர் சுத்திப் பாக்க ஆசைப்பட்டுட்டாங்க போலன்னு விட்டுட்டேன்.”

“ஆஸ்பத்திரி மேடு?”

“வேகத்தடையா? அஞ்சையும் பேத்து எடுத்துட்டு புதுசா தார் போட்டிருக்கான். வண்டி சும்மா வழுக்கிட்டு வருது.”

இரண்டரை வருடமாக அவளை எழுப்பியது அந்த மேடுகள்தான். முதல் மேட்டில் கழுத்து ஆடும். இரண்டாவதில் திறந்திருக்கும் வாய் மூடும். மூன்றாவதில் கண் விழிக்கும். நான்காவதும் ஐந்தாவதும் பையைத் தோளில் மாட்டிக்கொள்ள. அலாரம் வைத்ததே இல்லை. பேருந்தில் போன் கத்தினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

மணி எட்டு நாற்பது. ஒன்பதுக்கு வேதியியல் செய்முறைத் தேர்வு. ஒன்பதே காலுக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். விட்டால் அடுத்த வருடம்தான்.

“திரும்புற வண்டி?”

“இதேதான். ஒம்பது மணிக்கு. ஆட்டோவெல்லாம் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காது.”

ஒன்பதுக்குக் கிளம்பினால் ஒன்பது முப்பத்தைந்து. வேறு எப்படிக் கணக்குப் போட்டாலும் அதேதான் வந்தது. எழுந்து வாசல்வரை போனாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

போனில் அம்மாவின் மூன்று தவறிய அழைப்புகள். இறங்கியதும் அம்மாவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும் என்பது வீட்டு வழக்கம். அம்மா சீருடை தைக்கும் கம்பெனியில் காலர் பிரிவில் இருந்தாள். எட்டே முக்காலுக்குப் போனை மேற்பார்வையாளர் மேசையில் வைத்துவிட வேண்டும். நான்காவது முறை அடித்தது.

“என்னடி, போய்ச் சேந்துட்டியா இல்லியா?”

“சேந்துட்டேம்மா.”

“ஒரு மிஸ்டு கால் குடுக்கக்கூட கை வரல. வயித்துல நெருப்பக் கட்டிட்டு உக்காந்திருக்கேன் நான்.”

“வெச்சிரும்மா. பரிச்சை.”

வீடு ஒற்றை அறையும் சமையற்கட்டும். அப்பா இரவுக் காவல் முடிந்து வந்து பகலில் தூங்குவார். மாலை ஏழுக்குத்தான் எழுவார். அதுவரை விளக்கு போடக் கூடாது; அதற்குப் பிறகு வீட்டு வேலை. காலை ஐந்துக்கே எழவும் வேண்டும். அதனால் அவள் வீடு திரும்பும் பேருந்தில் படித்தாள், போகும் பேருந்தில் தூங்கினாள். ஆய்வகக் கோட்டு, சாப்பாட்டு டப்பா, குடை, மாற்றுச் செருப்பு, மூன்று நோட்டு என எல்லாம் ஒரே பையில். விடுதிப் பெண்கள் அவளை மூட்டை என்று கூப்பிட்டார்கள். முதல் முதலாக அப்படிக் கூப்பிட்டவளையே இப்போது அழைத்தாள். அவளுக்குத் தேர்வு மதியம், இரண்டாவது பேட்ச்.

“என்னடி மூட்டை, காலங்காத்தால?”

“எந்திரி. கோட்டு மாட்டிட்டு லேபுக்கு ஓடு. என் இடத்துல நீ உக்காரு. மதியம் உன் இடத்துல நான்.”

“லூசாடி நீ? நான் இன்னும் பல்லே வெளக்கல. காலையில படிச்சுக்கலாம்னு நேத்து படம் பாத்துட்டுப் படுத்தேன்.”

“டிப்போல இருக்கேன்டி. தூங்கிட்டேன்.”

மறுமுனையில் கட்டில் கிறீச்சிட்டது.

“படிக்கலடி நான். நெசமா.”

“தெரியும்.”



“பாவி” என்றாள் தோழி. குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

ஒன்பது ஐந்துக்குத் தோழி திரும்ப அழைத்தாள். மூச்சு வாங்கியது. “லேப் சார் ஒத்துக்கிட்டாரு. ஆனா நீ கைப்பட ஒரு லெட்டர் எழுதி போட்டோ அனுப்பணுமாம். காய்ச்சல்னு எழுது.”

பேருந்து கிளம்பியிருந்தது. நோட்டை முழங்காலில் வைத்து எழுதினாள். காய்ச்சல் என்று எழுதப் போனவள், ஏற்கெனவே அம்மாவிடம் ஒரு பொய் சொல்லியாகிவிட்டது என்பதாலோ என்னவோ, வேறு எழுதினாள். ‘வழியில் வேகத்தடைகள் அகற்றப்பட்டுவிட்டதால் என்னால் உரிய நேரத்துக்கு வர இயலவில்லை.’ படமெடுத்து அனுப்பிய பிறகுதான் படித்துப் பார்த்தாள்.

ஒன்பது பதினொன்றுக்குப் பதில் வந்தது. ‘வேகத்தடைய எடுத்தா சீக்கிரந்தானே வரணும்னு கேக்கறாரு. சிரிச்சுட்டு கையெழுத்துப் போட்டாரு. உள்ள போறேன். செத்தேன்.’

அதற்குப் பிறகு அவளால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. வண்டி முக்கால்வாசி காலி. இருக்கை மாற்றி மாற்றி உட்கார்ந்தாள். நடத்துனர், “சீட்டெல்லாம் துடைச்சாச்சும்மா, நீங்க வேற துடைக்கறீங்க” என்றார்.

ஆய்வகக் கதவில் வட்டக் கண்ணாடி ஒன்று இருந்தது. அதன் வழியே தோழி தெரிந்தாள். சோதனைக் குழாயைச் சுடரில் காட்டினாள், எடுத்தாள், முகர்ந்தாள். பக்கத்து மேசையைப் பார்த்தாள். மீண்டும் முதலிலிருந்து தொடங்கினாள். பன்னிரண்டு மணிவரை மூட்டை அந்தத் தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். நோட்டைப் பிரித்தாள், மூடினாள்.

தோழி வெளியே வந்து கோட்டைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டாள்.

“குடுத்தது என்ன உப்புன்னு கடைசி வரைக்கும் தெரியல. குத்துமதிப்பா ஒண்ணு எழுதிட்டேன்.”

“நான்...”

“போயி ஒழுங்கா எழுதித் தொலை. நீயும் கோட்ட விட்டேன்னா கொன்னுருவேன்.”

மதியம் மூட்டைக்கு வந்தது நீல நிற உப்பு. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எல்லாச் சோதனைகளையும் வரிசையாகச் செய்து எழுதினாள். ஐந்து மணிக்கு வெளியே வந்து விடுதிக்குப் போனாள். தோழி தூங்குகிறாள் என்று வாயிலில் சொன்னார்கள். உண்மையாகவும் இருக்கலாம்.

மறுநாள் ஆறு பத்துக்குப் பேருந்து வந்தது. சன்னலோர இருக்கை காலியாக இருந்தது. மருத்துவமனைவரை நின்றுகொண்டே போனாள். அங்கே இரண்டு பேர் புதுத் தாரின் மேல் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். எட்டு பத்துக்கு இறங்கி அம்மாவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தாள். முதல் வகுப்பில் தோழி வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பையை எடுத்துக் கீழே வைத்து இடம் விட்டாள். மதிப்பெண் வர மூன்று வாரம் ஆகும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள்.