கழுவிய வீட்டுக்கு மெத்தை இல்லை

புயலுக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. வாய்க்கால் உடைந்து எங்கள் தெருவுக்குள் வந்த தண்ணீர் விடியற்காலையில்தான் வடிந்தது. வெறும் மழைத் தண்ணீர் என்றால் பரவாயில்லை, சாக்கடையும் சேர்ந்து வந்துவிட்டது. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் மகளுக்கு அப்போது எட்டு மாதம். இரவெல்லாம் அவளைச் சமையல் மேடை மேல் உட்கார வைத்திருந்தோம்.

எங்கள் தெருவில் பத்துப் பதினைந்து வீடு, எல்லாம் முஸ்லிம் வீடுகள். சாக்கடை பட்ட தரையில் நெற்றியை வைத்துத் தொழ முடியாது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஜும்ஆ தொழுகைக்கு முன்னால் எல்லா வீட்டிலும் கழுவ ஆரம்பித்துவிட்டார்கள். நான் மூன்று தடவை கழுவினேன், சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்தேன். ஊறி நாறிப்போன பஞ்சு மெத்தைகளையும் பாய்களையும் என் கணவர் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டு, தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போனார்.

அன்றைக்கு என் மகள் ஈரத் தரையில் என் சேலையை மடித்து விரித்துப் படுத்தாள். அந்த வயிற்றோடு புரள முடியாமல் அவள் முனகுவதை என்னால் பார்க்க முடியவில்லை. தண்ணீர் புகுந்த வீடுகளைக் கணக்கெடுத்து சர்க்காரில் மெத்தை, போர்வை, அரிசி தரப்போவதாகச் சொன்னார்கள். அந்த மெத்தையைத்தான் நம்பியிருந்தேன்.

மூன்றாம் நாள் கணக்கெடுக்கிறவர் வந்தார். வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, கண்ணாடி மாதிரி இருக்கு. இதுல தண்ணி வந்துச்சா?"

"முழங்கால் அளவு வந்துச்சு சார். தொழணும்னு கழுவிட்டோம்."

"சாக்கடை வாசனையக் காணோமே, பிரியாணி வாசனைதானே வருது" என்று கூட வந்தவரிடம் சொல்லிச் சிரித்தார். என் அடுப்பில் இருந்தது கஞ்சி. இன்னும் இரண்டு வீட்டை அதே மாதிரி எட்டிப் பார்த்துவிட்டு, பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

முன் தெருவில் பூக்கட்டி விற்கிறவள் எனக்குப் பல வருஷப் பழக்கம். அவள் வீட்டில் அன்றைக்கும் சேறு அப்படியே கிடந்தது. "ஏம்மா, இன்னும் வாரிப் போடலியா?" என்று கேட்டேன்.

"எழுதிக்கினு போற வரைக்கும் கை வெக்காதீங்கன்னு ஆளு வந்து வூடு வூடா சொல்லிட்டுப் போச்சே, பாயம்மா. ஒங்களுக்குச் சொல்லல?"

சொல்லவில்லை. எங்கள் தெரு முனை வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கிறார்கள். அவளுக்கு முகம் செத்துப்போய்விட்டது. "நாசமாப் போறவனுங்க" என்றாள். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அவளுக்கும் நஷ்டம்தான். ஆனால் அதே தெருவில் மாடியிலேயே குடியிருக்கிறவர், பிரெஞ்சு சர்க்கார் பென்ஷன் வாங்குகிற வசதிக்காரர், பின்னால் பார்த்தால் அவர் பேரும் பட்டியலில் இருந்தது. தண்ணீர் படியேறியா போனது?

பொருள் கொடுத்த கல்யாண மண்டபத்துச் சுவரில் அந்தப் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். நான் எட்டாவது வரைதான் படித்தவள். விரல் வைத்து இரண்டு தடவை படித்தேன். எங்கள் தெருவே அதில் இல்லை. மேசையில் இருந்தவரிடம் சிவப்பு ரேஷன் கார்டை நீட்டினேன்.

"பேரு இல்லியேம்மா. அவசரப்பட்டு ஏன் கழுவுனீங்க? ரெண்டு நாள் அப்படியே போட்டு வெச்சிருந்தா எழுதியிருப்பாரு."

"அஞ்சு வேளையும் சாக்கடைல நெத்திய வெச்சிக்கினு இருந்திருக்கணுமா? முன் தெருவுக்குச் சொன்னத எங்களுக்கு ஏன் சார் சொல்லல?"

"எங்கிட்ட கத்தாதம்மா. ஓரமா நில்லு. மிச்சம் மீந்தா பாக்கலாம்."

நின்றேன். மதியத்து லுஹர் தொழுகை நேரமும் போயிற்று. கடைசி மெத்தையும் என் கண்ணெதிரே ஆட்டோவில் ஏறிப் போனது. அப்புறம் அவர் ஓரம் கிழிந்த ஒரு பிளாஸ்டிக் பாயை எடுத்து என் காலருகே போட்டார். "இந்தா, எடுத்துக்கினு போ."

"என் பேர எழுதிக்கினு குடுங்க சார். பிச்சைக்கு வரல."

"பேரெல்லாம் எழுத முடியாது. வேணும்னா எடு, இல்லாட்டி வுடு."

எடுத்துக்கொண்டேன். விட்டுவிட்டு வந்திருக்கலாம்தான், வீட்டில் பிள்ளைத்தாச்சி வெறுந்தரையில் கிடக்கிறாளே. எனக்குச் சேர வேண்டியதைப் பிச்சையாகக் குனிந்து எடுக்க வைத்தார்கள். அதை நினைத்தால் இப்போதும் உடம்பெல்லாம் எரிகிறது.

பள்ளிவாசல் பெரியவர்கள் சபர் செய்யச் சொன்னார்கள், பொறுத்துக்கொள் என்று. மழை அல்லாஹ் கொடுத்தது, அதற்கு நான் சபர் செய்துவிட்டேன். முனையிலேயே திரும்பிப் போன ஆளையும் அல்லாஹ்வா திருப்பி அனுப்பினான்?

பாயை உதறி விரித்து மகளைப் படுக்க வைத்துவிட்டு, தவறிப்போன தொழுகையைத் தொழுதேன். தீங்கு செய்தவர்களுக்கும் மன்னிப்புக் கேட்டு துஆ செய் என்று என் அத்தா பழக்கியிருக்கிறார். கையை ஏந்தினேன். அவர்களுக்காக என் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. மகளுக்குப் பிள்ளை பிறந்து, அது தவழவும் ஆரம்பித்துவிட்டது. இன்னும் வரவில்லை.