கோதுமைக்குப் போட்ட மார்க்

என் தங்கைக்கு நாலு வயதில் ஒரு கொள்கை இருந்தது. வெள்ளையாக இருப்பதுதான் சாப்பாடு. சோறு, இட்லி, இடியாப்பம், தேங்காய்ச் சில்லு, மோர். அத்தோடு சரி. மீன் குழம்பு பட்ட சோற்றைக்கூடத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிடுவாள். ராயபுரத்தில் பிறந்துவிட்டு மீன் வேண்டாம் என்ற பிள்ளையை எங்கள் தெருவில் வேறு யாரும் பார்த்ததில்லை.

பிறக்கும்போதே அவள் அப்படி இல்லை. காரணம் எங்கள் வீட்டுச் சமையல்தான். யுத்தம் முடிந்த பிறகும் கன்ட்ரோல் முடியவில்லை. ரேஷன் கடையில் அரிசியைக் குறைத்துவிட்டு, மீதிக்குக் கோதுமையை அளந்து போட்டார்கள். முழுக் கோதுமை. அதை என்ன செய்வதென்று கடைக்காரரும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. அரிசியைக் களைவதுபோலக் களைந்து, உலையில் போட்டு, வெந்துவிட்டதாகத் தானே தீர்மானித்துக் கஞ்சி வடித்தாள். குழம்பு ஊற்றிப் பிசைந்தால் பிசையவே வரவில்லை. மென்று மென்று தாடை வலித்ததுதான் மிச்சம். சாயங்காலத்துக்குள் நாலு பேருக்கும் வயிறு வலித்தது. தங்கை மூன்று நாள் வாந்தியும் பேதியுமாகப் படுத்துவிட்டாள். எழுந்தபோது அந்தக் கொள்கையோடு எழுந்தாள்.

பக்கத்து வீட்டுப் பாயம்மா எங்கள் வாசலில் வடித்து வைத்திருந்த கஞ்சியைப் பார்த்துவிட்டாள். அவள் புருஷன் கப்பலில் சமையல்காரர். ஊர் ஊராகப் போய்வந்த சமையல் அவள் வீட்டில் நடக்கும்.

"இன்னா பொண்ணு நீ, கோதுமையைப் போயி யாராவது வடிப்பாங்களா? மிசின்ல குட்த்து அரைச்சாந்து ரொட்டி சுடு" என்றாள்.

அம்மாவுக்கு அன்று வந்த வெட்கம் வெகு நாளைக்கு இருந்தது. ரொட்டி சுடவும் அவளிடமே கற்றுக்கொண்டாள். முதல் ரொட்டியை அப்பா முழங்காலில் வைத்துத்தான் கிழித்தார். போகப்போகச் சுமாராக வந்தது. ஆனால் ரொட்டி வெள்ளையாக இல்லையே. தங்கை தொடவில்லை. எங்கள் மூன்று பேர் பங்கு அரிசியும் அவள் தட்டுக்கே போயிற்று. அதுவும் ஒரு வாரத்துக்கு மேல் வராது. அப்புறம் மோரும் தேங்காயும்தான். கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். தாமிரபரணிக் கரையிலிருந்து வந்தவர். பெற்றவர்கள் போனபின் அவரை வளர்த்து ஆளாக்கியது அவருடைய அக்கா, எங்கள் அத்தை. அத்தைக்குப் பிள்ளை இல்லை, வயல் இருந்தது. விஷயம் எப்படியோ அவள் காதுக்குப் போய் ஒரு கார்டு வந்தது. 'பிள்ளையைக் கோதுமை தின்னச் சொல்லிக் கொல்லாதே. பொங்கல் கழித்து வந்து கூட்டிப்போகிறேன். என் வீட்டில் நெல் இருக்கிறது' என்று எழுதியிருந்தாள். அப்பா சரி என்று பதில் போட்டுவிட்டார். அக்கா சொல்லை அவர் தட்டியதில்லை.

"சோத்துக்காவ எம்பொண்ணு என்னை வுட்டுப் போவணுமா?" என்று அம்மா இரண்டு நாள் அழுதாள். வடித்த கஞ்சிதான் இதற்கெல்லாம் காரணம் என்று அவளுக்குத் தெரியும். மூன்றாம் நாள் அப்பா ஒரு வழி சொன்னார். பொங்கலுக்குள் சின்னவளைத் தின்னப் பழக்கிவிட்டால் அக்காவுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

அப்படித்தான் எங்கள் வீட்டில் ருசிப் பரீட்சை வந்தது. ஞாயிறுதோறும் மத்தியானம், அப்பாவின் துண்டால் ஒவ்வொருவராகக் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும். வாயில் ஒரு துண்டு வைப்பார்கள். என்னவென்று சொல்லிப் பத்துக்கு மார்க் போட வேண்டும். என்னுடைய பழைய சிலேட்டை ஆணியில் மாட்டி அப்பா அதில் எழுதுவார். ஒரே ஒரு சட்டம்தான். பொய் சொல்லக் கூடாது.

அந்தச் சட்டத்தை முதலில் மீறியது அப்பாதான். கேழ்வரகுக் கூழை வாயில் ஊற்றியதும் அவர் முகம் கோணிக்கொண்டது. கோணிய முகத்தோடேயே "ஆஹா, பத்து!" என்றார். அம்மா சோளக் களிக்கு ஒன்பது போட்டுவிட்டுத் தண்ணீர்ச் செம்பைத் தேடினாள். தங்கை எதிரே உட்கார்ந்து இந்த முகங்களை எல்லாம் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சட்டம் என்றால் சட்டம் என்று இருந்தேன். ரொட்டிக்கு முதல் வாரம் சைபர், அப்புறம் ஒன்று, கடைசியாக மனமில்லாமல் இரண்டு. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ராத்திரி தட்டில் விழுந்த ரொட்டியை நான் ஒருநாளும் மிச்சம் வைத்ததில்லை. பசித்தது, தின்றேன். மார்க் வேறு விஷயம்.

"ஒரு அஞ்சாவது போடேன். கொயந்தை பாத்துகினு கீதில்ல" என்பாள் அம்மா.

"பொய் சொல்லக் கூடாதுன்னு நைனாதான் சொல்லிச்சி" என்பேன்.

தங்கையின் முறை வந்தால் பரீட்சை முடிந்தது. கண்ணைக் கட்டியதும் பல்லைக் கடித்துக்கொள்வாள். "வாயத் தொற கண்ணு, ஒரே வாயி துன்னுடா" என்று அம்மா கெஞ்சுவாள். அவள் மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கோதுமைச் சோறும் அந்த மூன்று நாளும் அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கும். கண்ணைக் கட்டிவிட்டு வாயைத் திற என்றால் நானும் திறந்திருக்க மாட்டேன். இப்படியே ஐந்து ஞாயிறு போயிற்று. அம்மா தேதிக் காலண்டரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

ஆறாவது ஞாயிறு நான் பொறுமை இழந்தேன். பாசத்தால் அல்ல, எரிச்சலால்தான். "நீ துன்னவே வேணாம். நீதான் டீச்சர். எங்களுக்கு ஊட்டு, நாங்க மார்க் போடறோம்" என்று அவளை மணையில் உட்கார வைத்தேன். மூன்று பேருக்கும் ஒரே துண்டு போதாமல் அம்மா முந்தானையையும் நான் பாவாடை நாடாவையும் கட்டிக்கொண்டோம்.

நாடா மெல்லியது, எனக்கு இடுக்கில் கண் தெரிந்தது. தட்டில் வெல்லமும் ரொட்டியும் இருந்தன. ஊட்ட வேண்டுமென்றால் தொட வேண்டுமே. முதலில் இரண்டு விரல் நுனியால் எடுத்தாள். அப்பா வாயில் வைத்தாள், அம்மா வாயில் வைத்தாள், என் மூக்கில் இடித்துவிட்டு வாயில் வைத்தாள். நாலைந்து சுற்றில் கையெல்லாம் வெல்லப் பிசுக்காகிவிட்டது. ஒட்டிய விரலை யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்து நக்கினாள். விரலோடு ஒட்டியிருந்த ரொட்டித் துணுக்கும் உள்ளே போயிற்று. நான் மூச்சு விடவில்லை. இன்னொரு துண்டு கிழித்தாள். அது எங்கள் யார் வாய்க்கும் வரவில்லை.

"டீச்சர், எங்க ரொட்டி?" என்று அப்பா வாயைத் திறந்தபடி கேட்டார்.

"தீந்துபூட்ச்சி" என்றாள்.

அம்மா முந்தானைக்குள்ளேயே அழுதாள். எனக்கும் சந்தோஷம்தான், ஒத்துக்கொள்கிறேன். அன்றிலிருந்து டீச்சர் ஊட்டுவதும் டீச்சரே தீர்ப்பதுமாக நடந்தது. கூழ், கிழங்கு, பாயம்மா கொடுத்த பேரீச்சம்பழம், கடைசியில் மீன் வரைக்கும் வந்துவிட்டாள்.

பொங்கல் கழிந்து அத்தை வந்தாள். அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டுவரக் கூடாது என்ற காலம். படுக்கைக்குள் இரண்டு படி அரிசியைச் சுருட்டி, அதன்மேல் தலை வைத்துப் படுத்துக்கொண்டே ரயிலில் வந்திருந்தாள். வந்ததும் தங்கையைத் தேடினாள். தங்கை ரொட்டியைச் சுருட்டிக் கையில் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏல தம்பி, திங்க மாட்டேங்கான்னுல்லா கேள்விப்பட்டேன். இவ என்ன இந்தத் தீனி திங்கா?"

"இப்பதான் பழகிட்டாக்கா" என்றார் அப்பா.

 அத்தை படுக்கையை அவிழ்த்து அரிசியை முறத்தில் கொட்டினாள். "அங்க இவளுக்குன்னு ஊஞ்சல் சங்கிலிகூட துடைச்சி வச்சிட்டு வந்திருக்கேன்டா. வெறுங்கையோடயா போக?" என்றாள்.

அக்கா முகத்தைப் பார்க்க முடியாமல் அப்பா சுவரைப் பார்த்தார். சுவரில் சிலேட்டு தொங்கியது. "மூத்தவளுக்குத்தான் கோதுமை ஆக மாட்டேங்கு. ரெண்டு மார்க்குக்கு மேல போடவே மாட்டா" என்று சிரித்தார். வாயில் வந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அத்தை சிரிக்கவில்லை.

"அப்ப அவளை அனுப்பு. ஏட்டி, அங்க உனக்கு மூணு வேளையும் சோறுதான்."

அம்மாவைப் பார்த்தேன். இவள் தினமும் தின்கிறாள், மிச்சம் வைப்பதே இல்லை என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் மடியில் தங்கை இருந்தாள். அம்மா அவளை இன்னும் கொஞ்சம் இழுத்து அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அந்த வார்த்தை வரவில்லை. நானாவது சொல்லியிருக்கலாம். கேட்டால் சொல்வோம் என்று வீம்பாக நின்றேன். ஒருவரும் கேட்கவில்லை. அம்மா மேல் எனக்கு வந்த கோபம், நான் பிள்ளை பெற்ற பிறகுதான் கொஞ்சம் தணிந்தது. முழுக்கத் தணிந்தது என்று சொன்னால் அது சட்டத்தை மீறுவதாகும்.

மறுநாள் சாயங்காலம் ரயில். மத்தியானம் தங்கை துண்டை எடுத்துக்கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை இல்லை என்று அவளுக்குத் தெரியாது. நான் குனிந்து கொடுத்தேன், பின்னால் யாரோ முடிச்சுப் போட்டார்கள். அம்மா கை என்று தொட்டதுமே தெரிந்தது. தங்கை ஒரு துண்டு ஊட்டினாள். வெல்லம் இல்லாத வெறும் ரொட்டி, ஓரம் கருகியிருந்தது.

"டீச்சர், பத்து" என்றேன்.

தங்கை கை தட்டினாள்.  நானே துண்டை அவிழ்த்துப் பார்த்தேன். அப்பா பலப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிலேட்டு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் எழுதவில்லை.

அத்தை வீட்டில் நாலு வருஷம் இருந்தேன். சொன்னபடி மூன்று வேளையும் சோறு போட்டாள். நல்ல வெள்ளைச் சோறு. அதற்கு எத்தனை மார்க் என்று அங்கே யாரும் என்னைக் கேட்கவில்லை.