பாக்கலாமுங்க

தலைச்சோலையில் அங்கன்வாடிக் கட்டடம் எழுப்பியதுதான் நான் தனியாகப் பொறுப்பேற்ற முதல் வேலை. சென்னைக்காரி நான். ஊர் புதிதானாலும் பாஷை நம்முடையதுதானே என்ற திமிரோடு மலையேறினேன். சுவர்கள் எழும்பிவிட்டன. கூரைக்குக் கான்கிரீட் போடுவதுதான் பாக்கி. குழந்தைகளோ பக்கத்தில் ஒழுகும் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள். பொங்கலுக்குள் புது அறைக்கு மாற்றிவிடுகிறேன் என்று டீச்சரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன்.

தினமும் சாயங்காலம் மேஸ்திரியிடம் கேட்பேன். "நாளைக்கு இருபது பேர் வருவாங்களா?"

"பாக்கலாமுங்க" என்பார், அத்தனை மரியாதையாக. நான் நோட்டில் இருபது என்று எழுதிக்கொள்வேன். காலையில் மூன்று பேர் வந்து நிற்பார்கள். கூரை கான்கிரீட்டை நடுவில் நிறுத்தாமல் ஒரே நாளில் போட்டு முடிக்க வேண்டும். மூன்று பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தாமதத்துக்குக் காரணம் கேட்டு ஆபீஸ் அனுப்பிய படிவத்தில் மழை, மூடுபனி, ஆள் பற்றாக்குறை என்று எல்லாவற்றுக்கும் கோபத்தில் டிக் அடித்து அனுப்பினேன்.

நான்காம் நாள் மேஸ்திரி மேல் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். மணல் சலித்துக்கொண்டிருந்த சித்தாள் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஏனுங்க மேடம், பாக்கலாமுங்கன்னா முடியாதுன்னு அர்த்தமுங்க. மூஞ்சிக்கு நேரா எப்படிங்க சொல்றது? எல்லாரும் காப்பிப் பழம் பறிக்கப் போயிருக்காங்க. வர்றதா இருந்தா வந்துர்றமுங்கன்னு சொல்லுவோம்."

மேஸ்திரி தரையைப் பார்த்தார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சரி, எப்போதுதான் வருவீர்கள் என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம எஸ்டேட் லீவுங்க. கோயில்ல பூசை முடிஞ்சதும் வந்துர்றமுங்க" என்றார் மேஸ்திரி.

வந்தார்கள். பூசைக்குக் கட்டிய சேலைக்கு மேல் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, கேலியும் பாட்டுமாக, கலவைச் சட்டிகளைக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். நானும் வரிசையில் நின்றேன். இருட்டுவதற்குள் கூரை முடிந்து எல்லோரும் கேசரி தின்றோம். வேலையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. பொங்கலுக்கு முந்தின வாரம் குழந்தைகள் புது அறையில் சுண்டலை இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

படிவத்தைத் திருத்தி அனுப்பினேன். தாமதத்துக்குக் காரணம்: பொறுப்பாளருக்குத் தமிழ் தெரியாதது.

சென்னையிலிருந்து மேலாளர் போன் செய்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "அடுத்தது கரடியூர்ல. காப்பி சீசன்லயே கூரை போட்டுடுவீங்களா?"

"பாக்கலாமுங்க" என்றேன்.

"நல்லது, சரின்னு எழுதிக்கிறேன்" என்றார்.