கிணற்றை வைத்துக்கொண்டவள்

புருஷனைத் துரத்திவிட்டுக் கிணற்றை வைத்துக்கொண்டவள் என்று ஊரில் என்னைப் பற்றி ஒரு கதை உண்டு. அதில் பாதி பொய். நான் யாரையும் துரத்தவில்லை. கிணற்றை வைத்துக்கொண்டது உண்மை, அதற்காக இன்றைக்கும் நான் வெட்கப்படவில்லை.

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையில் எங்கள் வீட்டு வளவு கடலிலிருந்து நாலு ஒழுங்கை, அதாவது நாலு சந்து தள்ளி இருந்தது. அந்த மணலில் எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும், குடிக்கிற தண்ணீர்தான் வராது. உப்புத் தண்ணீர் அடியில் கிடக்க, மழை தந்த நல்ல தண்ணீர் அதன்மேல் பாலாடை மாதிரி மெல்லிசாக நிற்கும். வாளியால் அள்ளினால் அந்த ஆடை மட்டும் வரும். அவசரப்பட்டு உறிஞ்சினால் அடியில் கிடக்கும் உப்பு மேலே ஏறிவிடும். எங்கள் ஒழுங்கையில் எங்களுடையது ஒன்றுதான் நல்ல தண்ணீர்க் கிணறு. ஏழு வீட்டுக் குடங்கள் அங்கே வந்தன. எங்கள் பக்கத்தில் வீட்டைப் பெண்ணுக்குத்தான் சீதனமாக எழுதுவார்கள், மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பார். அப்படி வீட்டோடு அந்தக் கிணறும் என் பேரில் வந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் கணவர் சவூதிக்குப் போனார். விசா முடிந்து திரும்பி வந்தபோது மற்றவர்கள் ரேடியோவும் போர்வையும் கொண்டுவந்தார்கள். இவர் தண்ணீர் இறைக்கிற மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்தார். வந்த அன்றே என் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தார்.

"கயிறு உன்ட கையத் தின்னுபோட்டுது புள்ள. இனி நீ வாளியத் தொடப்படா."

அந்த அன்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பாலைவன வெயிலில் நின்றவர் என் உள்ளங்கையை நினைத்திருக்கிறார். முதல் நாள் குழாயைத் திறந்துவிட்டு அதன் கீழே நானும் நின்றேன். தலையில் விழுந்த தண்ணீர் நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு வாளியில் குளித்து முடிக்கிறவள் அன்றைக்கு எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது. ஆகவே பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அது கச்சான் காற்று அடிக்கிற காலம். மேற்கேயிருந்து வரும் அந்தக் காற்றில் கொடியில் போட்ட துணி பத்து நிமிடத்தில் அப்பளமாகிவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் இவர் வீட்டுக்கு மேலே கொங்கிறீட் தட்டுப் போட்டார். தட்டு இறுகும்வரை அதன்மேல் தண்ணீர் நிற்க வேண்டுமாம். வயலுக்குக் கட்டுவதுபோல நாலு பக்கமும் வரம்பு கட்டி, விடிந்ததிலிருந்து பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகை வரை மோட்டாரை ஓடவிட்டார். காற்று குடிக்கக் குடிக்க இவர் நிரப்பிக்கொண்டே இருந்தார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில்தான் கவனித்தேன், கிணற்றடி வாளி காய்ந்துபோய்க் கிடந்தது. எதிர்வீட்டு ராத்தா, என்னைவிடப் பத்து வயது மூத்தவள், பெரிய ரோட்டைத் தாண்டிக் குடத்தோடு போய்க்கொண்டிருந்தாள். ஓடிப்போய் மறித்தேன்.

"ஏன் ராத்தா, இஞ்ச வாறல்ல?"

அவள் குடத்தை இடுப்பு மாற்றினாள். "சொல்ல ஒரு மாதிரி இருந்திச்சி புள்ள. உங்கட கெணத்துத் தண்ணி கரிக்கிது."

திரும்பி வந்து ஒரு வாளி அள்ளிக் குடித்துப் பார்த்தேன். கரித்தது. தேநீருக்கு நான் அள்ளிப் போட்ட சீனியும், தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சவூதியிலிருந்து வந்த தோடம்பழத் தூளும் எங்கள் இரண்டு பேரின் நாக்கையும் ஏமாற்றி வைத்திருந்தன. ஏழு வீட்டுக்காரரும் வேறு கிணற்றுக்கு மாறிப் போயிருந்தார்கள், ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அந்த மரியாதைதான் எனக்கு அதிகம் வலித்தது.

"மோட்டார நிப்பாட்டுங்க. கெணறு உப்பாப் போயிட்டு" என்றேன்.

"கச்சானுக்கு எல்லாக் கெணறும் கொஞ்சம் கரிக்கும்தான். மழ பேஞ்சாச் சரி. தட்டு இறுகட்டும்."

"தட்டயா குடிக்கிற?"

அவர் சிரித்துக்கொண்டே சுவிட்சைப் போட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. சுவிட்சை அணைத்து, வயரின் முனையிலிருந்த பிளக்கைக் கத்தியால் கழற்றி, முந்தானையில் முடிந்துகொண்டேன்.

"ஊடும் என்ட, கெணறும் என்ட. நிப்பாட்டுங்க எண்டா நிப்பாட்டணும்."

எங்கள் பகுதியில் ஒரு பெண் தன் புருஷனிடம் சொல்லக்கூடாத சொல் அது. எல்லோருக்கும் தெரிந்த உண்மைதான், ஆனால் யாரும் வாயால் சொல்வதில்லை. அவர் முகம் சுருங்கிப் போனது.

"அப்ப மோட்டார் என்ட" என்றார். அதைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு சாய்ந்தமருதில் இருக்கும் தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாளே அது மாமியின் கிணற்றில் ஓடத் தொடங்கியது என்று செய்தி வந்தது.

அதன் பிறகு எனக்குப் புத்தி சொல்ல வராதவர் இல்லை. வாப்பா வந்தார். "மாப்பிளய அனுப்பிப்போட்டு கெணத்த வெச்சி என்ன செய்யப் போறா மகள்?"

"தண்ணி குடிக்கப் போறன் வாப்பா."

பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்காயர் ஒருவர் சமாதானம் பேச வந்தார். பெண்ணுக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாது என்றார். ஆற்றங்கரையில் உட்கார்ந்து தொழுகைக்குக் கைகால் கழுவி வுழுச் செய்தாலும் தண்ணீரை வீணாக்கக்கூடாது என்று நீங்கள்தானே பள்ளியில் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அது வேறு விஷயம் என்றார். சரி என்று என் கிணற்றுத் தண்ணீரில், சீனி போடாமல், தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்தார், கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். அவருக்குப் பிறகு யாரும் வரவில்லை.

கிணறு திரும்ப வேண்டும் என்றால் அதை ஓயவிட வேண்டும். நல்ல தண்ணீர்க் கிணற்றுக்காரியான நானே குடத்தோடு ரோட்டைத் தாண்டிப் போனேன். வழியில் நின்று பார்த்தவர்களை நானும் நின்று பார்த்தேன். வீட்டில் வுழுவுக்கு ஒரு செம்பு, குளிக்க ஒரு வாளி, அதற்கு மேல் இல்லை. குளித்த தண்ணீர் வாழைக்குப் போனது. அரிசி கழுவியது முருங்கைக்கு. இப்போது இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க ஆட்கள் வந்து வகுப்பு எடுக்கிறார்கள், கையில் படம் போட்ட தாள் தருகிறார்கள். நல்லது, சொல்லட்டும். எனக்கு அன்றைக்கு யாரும் கைதட்டவில்லை. கஞ்சத்தனம் என்றார்கள். மேலே தட்டு தண்ணீரில்லாமல் வெடித்தது. அந்த வெடிப்பு இன்னும் இருக்கிறது. மாரியில் ஒழுகும். ஒழுகட்டும் என்று கீழே வாளி வைத்து அதையும் பிடிக்கிறேன்.

அவர் இல்லாத வீடு நன்றாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். சோறு ஆக்கும்போது கை இரண்டு பேருக்கு அரிசி அள்ளும், பிறகு ஒரு பிடியைத் திருப்பி அரிசிப் பானையில் போடுவேன். ஆள் அனுப்பி அழைத்தால் வந்திருப்பார். மோட்டாரோடுதான் வந்திருப்பார். அதனால் ஆள் அனுப்பவில்லை.

ஐப்பசியில் மாரி பிடித்தது. பெய்ய ஆரம்பித்து மூன்று வாரம் ருசி பார்க்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு ஒரு வாளி அள்ளி ராத்தாவைக் கூப்பிட்டேன். என் நாக்கை நான் நம்பத் தயாரில்லை. அவள் வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பினாள். இன்னொரு கை அள்ளினாள். இந்த முறை விழுங்கினாள். வீட்டுக்குப் போய்க் குடத்தை எடுத்துவந்தாள். எனக்கு அழுகை வந்தது, மழையில் யாருக்கும் தெரியவில்லை.

மார்கழியில் ஒருநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வாசல் படலையில் சைக்கிள் மணி கேட்டது. இவர். கரியரின் இரண்டு பக்கமும் இரண்டு கேன் கட்டியிருந்தது. மெலிந்திருந்தார். முற்றத்துக்கு வரவில்லை, நேரே கிணற்றடிக்குப் போனார்.

"உம்மாட கெணறு கைவிட்டுட்டு" என்றார், கிணற்றைப் பார்த்துக்கொண்டே. "மழ பேஞ்சும் கரிக்கிது."

"மோட்டார்?"

"நேத்துத்தான் கழட்டின."

சொல்லிக்காட்ட என் வாயில் நூறு வார்த்தை இருந்தது. ஒன்றையும் எடுக்காமல் கயிற்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் அள்ளினார். பழக்கமில்லாத கை, நாலாவது வாளியிலேயே உள்ளங்கையை ஊதிக்கொண்டார். ஒரு கேன் நிரம்பியது. இரண்டாவது கேனின் மூடியைத் திறந்துவிட்டு வாளியை இறக்கப் போனார். நான் கயிற்றைப் பிடித்தேன்.

"ஒண்டுதான்."

நிமிர்ந்து பார்த்தார். "ஒண்டு உம்மாக்கு. மத்தது எனக்கு."

"உங்கட பங்க இஞ்ச இருந்து குடிங்க" என்றேன்.

அவர் வெறும் கேனை மூடி, முருங்கை மரத்தடியில் வைத்தார். நிரம்பிய கேனோடு சாய்ந்தமருதுக்குப் போய், மக்ரிப் பாங்குக்கு முன்னால் திரும்பி வந்தார். வுழுச் செய்ய ஒரு செம்பு தண்ணீர் எடுத்து வைத்திருந்தேன்.