பக்கத்துத் தோட்டத்துக் கொய்யாமரங்கள்

எனக்கு மரம் வைக்கத் தெரியாது. தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் ஃபைல் கட்டியவன். சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மனை வாங்கி வீடு கட்டினோம். பின்னால் கிடந்த இடத்தில் கொய்யா வை என்று சொன்னது பின்வீட்டு அக்கா. சொன்னதோடு விடவில்லை. தன் மரத்தில் ஒரு கிளையின் பட்டையைச் சீவி, மண்ணும் சாணியும் வைத்துச் சாக்கைச் சுற்றிக் கட்டி, அதில் வேர் விட்டதும் வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். அப்படி மூன்று கன்றுகள்.

அக்காவின் வீட்டுக்காரர் தறிக்குப் போய்க்கொண்டிருந்தவர். நாங்கள் குடிவருவதற்கு முன்பே இறந்துபோனார். ஒரே மகளை ராயகிரியில் கட்டிக்கொடுத்திருந்தாள். தனி ஆள், ஒரு கிணறு, ஒன்பது கொய்யாமரம். காலையில் பறித்து அன்னக்கூடையில் போட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே போய் உட்காருவாள். காயை நாலாகக் கீறி உப்பும் வத்தல்பொடியும் தூவிக் கொடுப்பாள். உள்ளே சிவப்பாக இருக்கும் காய். தென்காசி பஸ்ஸில் இருப்பவர்கள் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு வாங்குவார்கள். நான் ஆபீஸுக்குப் போகும்போது பார்த்துவிட்டால், வேண்டாம் என்றாலும் ஒரு காயைச் சட்டைப் பையில் திணித்துவிடுவாள்.

எங்கள் மனை பள்ளம். கன்று வைப்பதற்கு முன் மூன்று டிராக்டர் மண் அடித்தேன். கொண்டுவந்த டிரைவர், "ராயகிரிப் பக்கம் ஒரு கொய்யாத் தோப்ப அழிச்சிட்டாவ சார். அங்கன உள்ள மேல்மண்ணு. என்ன வச்சாலும் வரும்" என்றார். நல்ல மண் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன். காய்க்கிற தோப்பை ஏன் அழித்தார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

மண் அடித்ததில் எங்கள் இடம் அக்காவின் இடத்தைவிட மேடாகிவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் பின்பக்கம் தேங்கி நின்றது. நடுச்சுவரில் ஒரு ஓட்டை போட்டுக்கொள்ளட்டுமா என்று தயங்கித் தயங்கி அக்காவிடம் கேட்டேன்.

"இதக் கேக்கணுமா தம்பி? வாற தண்ணி எம் மரத்துக்குத்தான வருது. வரட்டும்" என்றாள்.

கன்றுகள் இரண்டாம் வருஷமே காய்த்தன. நாலாம் வருஷம் ஐப்பசி மழை முடிந்த கையோடு, சுவரை ஒட்டி நின்ற மரத்தில் ஒரு பக்கத்துக் கிளை மட்டும் மஞ்சளித்தது. இலைகள் உள்பக்கமாகச் சுருண்டன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் தண்ணீர் விட்டேன். பத்து நாளில் அடுத்த கிளையும் போயிற்று. பிஞ்சுகள் வளராமல், உதிரவும் செய்யாமல், கறுத்துக் கல்லாகிக் கிளையிலேயே தொங்கின. கார்த்திகை முடிவதற்குள் மரம் முழுக்கப் பட்டுப்போய்விட்டது.

அக்காவிடம் மம்பட்டியும் கடப்பாரையும் இரவல் வாங்கித் தோண்டி எடுத்தேன். வேரில் கை வைத்ததும் பட்டை தனியாக உரிந்து வந்தது. உள்ளே கட்டையில் பழுப்புப் பழுப்பாகக் கோடுகள். மறுநாள் காலையில் மம்பட்டியையும் கடப்பாரையையும் திருப்பிக் கொடுத்தேன். அப்பிய மண்ணைக் கழுவிக் கொடுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. பிறகு ஒரு துண்டு வேரைப் பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு, செல்போனில் எடுத்த படங்களோடு தோட்டக்கலை ஆபீஸுக்குப் போனேன்.

அங்கே இருந்த அதிகாரி என் மகள் வயதுப் பெண். வேரைக் கையில் வாங்கி நகத்தால் கீறிப் பார்த்தார்.

"வாடல் நோய் சார். இது பூஞ்சாணம். மண்ணுலதான் இருக்கும், பல வருஷம் சாகாது. வேர் வழியா உள்ள போய், தண்ணி ஏறுற பாதையை அடைச்சிடும். கீழ எவ்வளவு தண்ணி விட்டாலும் மரம் தாகத்துலதான் சாகும்."

"மருந்து இல்லையாம்மா?"

"முத்தின மரத்தைக் காப்பாத்த முடியாது. மத்த மரத்தைப் பாருங்க. செத்த மரத்தை வேரோட எடுத்து எரிச்சிடுங்க. குழியில சுண்ணாம்பு போடுங்க. நல்ல மரங்களைச் சுத்திப் பள்ளம் வெட்டி, இங்க உள்ள தண்ணி அங்க போகாமப் பண்ணுங்க. இங்க தோண்டின மம்பட்டியைக் கழுவாம வேற எங்கயும் போடாதீங்க." நான் எழுந்தபோது மறுபடி கூப்பிட்டார். "பக்கத்துல யாராவது கொய்யா வச்சிருந்தா இன்னைக்கே சொல்லிருங்க சார். மண்ணாலயும் தண்ணியாலயும் பரவும்."

சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் வீட்டுக்கு வந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா தன் மரத்தைச் சுற்றிப் பாத்தி கொத்திக்கொண்டிருந்தாள். காலையில் நான் திருப்பிக் கொடுத்த அதே மம்பட்டி கையில் இருந்தது. என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"ஆபீஸ்ல என்ன சொன்னாவ தம்பி?"

உண்மையைச் சொன்னால் நோய் எங்கிருந்து வந்தது என்று கேட்பாள். மண் நான் அடித்தது. ஓட்டை நான் போட்டது. மம்பட்டி நான் வாங்கிப் போனது. அந்த ஒரு கணத்தில் இவை மூன்றும் வரிசையாக என் முன்னால் வந்து நின்றன.

"வண்டு விழுந்திருக்காம் அக்கா. தண்டுத் துளைப்பான்" என்றேன்.

"ப்பூ, வண்டுதானா? ஓட்டையப் பாத்து மண்ணெண்ணெய்ல பஞ்ச நனைச்சு அடைச்சா சரியாப் போகும்லா" என்று சொல்லிவிட்டுக் குனிந்து மறுபடி கொத்தத் தொடங்கினாள்.

என் மனைவி வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வந்ததும், "ஏன் அப்படிச் சொன்னிய?" என்றாள். நாளைக்குச் சொல்லுகிறேன் என்றேன். மறுநாளும் கேட்டாள், நாளைக்கு என்றேன். ஒரு வாரம் போனதும், ஏன் ஒரு வாரம் சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. மாதம் போகப் போக அது மலையாகிவிட்டது. என் மனைவி கேட்பதை நிறுத்திவிட்டாள். அவள் போய்ச் சொல்லியிருக்கலாம். என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று இருந்துவிட்டாள். அந்தப் பாரத்தையும் அவள் மேல் வைத்தவன் நான்தான்.

என் இரண்டு மரங்களுக்கு மட்டும் எல்லாம் செய்தேன். வேப்பம்புண்ணாக்கில் நோய்ப் பூஞ்சாணத்தை அடக்க அந்த அதிகாரி கொடுத்த டிரைக்கோடெர்மா பொடியைக் கலந்து வேரடியில் வைத்தேன். சுற்றிப் பள்ளம் வெட்டினேன். சுவர் ஓட்டைக்கு ஒரு செங்கல்லை வைத்துப் பார்த்தேன். அக்கா கேட்டால் என்ன சொல்வது என்று பயந்து எடுத்துவிட்டேன். அடுத்த மழையில், நான் வெட்டிய பள்ளத்துத் தண்ணீர் எல்லாம் சேர்ந்து அந்த ஓட்டை வழியாக அந்தப் பக்கம் போனது. ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்காவின் சுவரோரத்து மரம் அந்த மழையிலேயே மஞ்சளித்தது. பிறகு அதற்கு அடுத்தது. அக்கா முதலில் கண்ணேறு என்றாள். பழைய செருப்பையும் பூசணிக்காயையும் கட்டித் தொங்கவிட்டாள். மூன்றாவது மரத்தில் இலை சுருண்டபோது கோவிலுக்குப் போனாள்.

எங்கள் ஊர்க் கோவிலில் உடம்புக்கு முடியாதவர்கள் புற்றுமண் வாங்கிப் பூசுவார்கள், கரைத்தும் குடிப்பார்கள். வெள்ளித் தகட்டில் பாம்பு, தேள், கண், கை, கால் என்று வெட்டி விற்பார்கள். எங்கே நோவோ அதை வாங்கி உண்டியலில் போடுவார்கள். அக்கா அன்று கோவிலிலிருந்து வந்து சுவர் வழியாக என் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

"மரம் போட்ட தகடு இருக்கான்னு கேட்டேன். கடைக்காரர் சிரிக்காரு. எல்லாத் தட்டையும் பாத்தாச்சு, மரம் இல்ல. பெறவு ஒரு கால வாங்கிப் போட்டுட்டு வந்தேன். மரத்துக்குக் கால்தான வேரு? ஆத்தாளுக்குப் புரியாமலா போகும்?"

 நான் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

சுவர் வழியாகச் சொல்ல முடியவில்லை. தெருவைச் சுற்றிக்கொண்டு போனேன். அக்கா கிணற்றடியில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரில் புற்றுமண்ணைக் கரைத்துக்கொண்டிருந்தாள். "வாங்க தம்பி" என்றாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டிராக்டர் மண், ஓட்டை, மம்பட்டி, அதிகாரி சொன்னது, நான் சொன்ன பொய். ஆபீஸில் மனு வாசிப்பதுபோல ஒரே மூச்சில் சொன்னேன். நிறுத்தினால் தொடர முடியாது என்று தெரிந்தது.

அக்கா செம்பில் இருந்து கையை எடுக்கவில்லை.

"போன மழைக்கே தெரியுமா தம்பி?"

"தெரியும்க்கா."

"மம்பட்டி கேக்க வரும்போது?"

"அப்பம் தெரியாது. கொடுத்த அன்னைக்கே தெரிஞ்சிட்டு."

செம்பைத் தள்ளி வைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், மரங்களைப் பார்த்துச் சொன்னாள். "நான் வண்டுன்னுல்லா நெனச்சேன். மண்ணெண்ணெய்ப் பஞ்ச வச்சுக்கிட்டு ஒவ்வொரு மரமா ஓட்டை தேடுனேன். தினம் தேடுனேன். ஒரு ஓட்டையும் காணல. எனக்குத்தான் கண்ணு மங்கிட்டுன்னு, கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போடின்னு மகள்கிட்ட சொல்லிட்டு இருந்தேன்."

மன்னிக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"போங்க தம்பி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போகணும்."

திட்டியிருந்தால் நின்று வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் திட்டவில்லை.

மறுநாள் சாயங்காலம் சுவர் ஓட்டை அந்தப் பக்கமிருந்து சிமெண்ட் வைத்து அடைக்கப்பட்டிருந்தது. நான் அந்த அதிகாரியை அழைத்துவந்தேன். அவர் வந்து பார்த்து, எந்த மரம் தப்பும், எது தப்பாது என்று தொட்டுத் தொட்டுச் சொன்னார். அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அவர் சொன்னதை எல்லாம் செய்தாள். அப்படியும் அந்த வருஷம் ஐந்து மரம் போயிற்று. அடுத்த மழைக்கு இன்னும் இரண்டு. கிணற்றடியில் தள்ளி நின்ற இரண்டு மட்டும் மிஞ்சின. என் வீட்டில் எதுவும் மிஞ்சவில்லை. அதைச் சொல்ல எனக்கு வாய் கிடையாது.

பட்ட மரங்களைத் தோண்ட மருமகன் ராயகிரியிலிருந்து வந்தார். நானும் புதிதாக ஒரு மம்பட்டி வாங்கிக்கொண்டு போய் நின்றேன். அக்கா வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை தோண்டினோம். பத்துப் பன்னிரண்டு வருஷத்து வேர்கள். சில இடத்தில் கையால் இழுத்தாலே வந்தன. கல்லாய்ப்போன காய்களை அக்கா ஒவ்வொன்றாகக் கிளையிலிருந்து பறித்துத் தீயில் போட்டாள். விறகோடு விறகாக எரிந்திருக்கும், பறிக்க வேண்டியதில்லை. இத்தனை வருஷம் பறித்த பழக்கமோ என்னவோ. காய்கள் தீக்குள் வெடித்த சத்தம் கேட்டு மருமகன் திரும்பிப் பார்த்தார். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, புகை என்றாள்.

மிஞ்சிய இரண்டு மரத்துக் காய் போதாமல், அதன்பிறகும் கொஞ்ச நாள் மார்க்கெட்டில் காய் வாங்கி பஸ் ஸ்டாண்டில் விற்றாள். உள்ளே வெள்ளையாக இருக்கும் காய். சிவப்புக் காய் இல்லையா என்று வாடிக்கைக்காரர்கள் கேட்பார்களாம். அப்படிக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். என்னோடும் பேசாமல் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்லுவாள். நல்லா இருக்கேன் என்பாள். ஆபீஸுக்குப் போகும்போது நான் அவள் இருக்கும் பக்கமாகவே நடந்து போவேன். தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, காய் கீறுவதைத் தொடருவாள்.

போன சித்திரையில் மகள் வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டாள். சாமான்களை லோடு ஆட்டோவில் ஏற்றிய பிறகு, அக்கா தெருக்குழாயடியில் உட்கார்ந்து தன் செருப்பைத் திருப்பித் திருப்பித் தேய்த்துக் கழுவினாள். அரிவாள், கடப்பாரை, கூடையின் அடிப்பக்கம் என்று எல்லாவற்றையும் கழுவி வெயிலில் வைத்தாள். என் மனைவி போய் என்னக்கா என்று கேட்டிருக்கிறாள்.

"மகள் வீட்டுலயும் ரெண்டு கொய்யா நிக்கி. அடுத்த வீட்டுலயும் நிக்காம்" என்றாளாம்.

நானும் போய் அவள் வீட்டு வாசலில் நின்றேன். ஆட்டோ திரும்பும்போது, "வாரேன் தம்பி" என்றாள். எல்லாரிடமும் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அதில் எதையும் தேட எனக்கு உரிமையில்லை என்று தெரிந்தும் இன்றுவரை தேடுகிறேன்.

அந்த வீட்டுக்கு இப்போது ஒரு இளம் தம்பதி வாடகைக்கு வந்திருக்கிறார்கள். வந்த வாரமே அந்தத் தம்பி நர்சரியிலிருந்து கொய்யாக் கன்றுகள் வாங்கி பைக்கில் வைத்துக் கொண்டுவந்தார். பார்த்ததும் செருப்புகூடப் போடாமல் தெருவைச் சுற்றி ஓடினேன்.

"தம்பி, அங்கன கொய்யா வைக்காதிய. மண்ணுல வாடல் நோய் இருக்கு. என் வீட்டு மண்ணுலேர்ந்து வந்தது. நெல்லியோ சப்போட்டாவோ வைங்க."

"அப்படியா சார்? நல்ல வேளை சொன்னிய" என்றார். கன்றுகளை மறுபடி பைக்கில் தூக்கி வைத்துக்கொண்டு மாற்றப் போய்விட்டார்.

சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. வீட்டுக்கு வந்து வெகுநேரம் பின்வாசலில் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.